மூளை முடக்குவாதம் உள்ள பையனுக்கு நாற்காலி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். என் பையனுக்கு ஆறு வயது, மூளை முடக்குவாதம். திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம்.

சோறு ஊட்டுவதுதான் பெரும்பாடு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்போடு துண்டால் கட்டி, இரண்டு பக்கமும் தலையணை கொடுப்பேன். நாலு வாய் உள்ளே போவதற்குள் சரிந்துவிடுவான். உடனே புரை ஏறும். கழுத்து, இடுப்பு, கால் எல்லாவற்றையும் தாங்கும் பிரத்யேக நாற்காலி வேண்டும். ஒரு முகாமில் அளவெடுத்துப் போய் ஏழு மாதம் ஆகிறது. நாற்காலி வருவதற்குள் பையன் வளர்ந்துவிடுவான் போல!

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை கையில் இருக்கிறது. மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகையும் வருகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். பிசியோதெரபிக்குப் பஸ் செலவிலேயே பாதி போய்விடுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம், இந்த மாதிரிப் பிள்ளைகளின் மருத்துவச் செலவுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும் நிராமயா என்ற அரசுக் காப்பீடு. வெளிநோயாளியாகப் போகும் தெரபிக்கும் அதில் பணம் உண்டே, யாராவது வாங்கியிருக்கிறீர்களா? என்னென்ன பில் கேட்டார்கள்?

சென்னை பக்கம் முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனவர்களும் சொல்லுங்கள். ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா, தங்க வேண்டி வருமா?

உங்கள் பிள்ளைக்குச் சிறிதாகிப்போன நாற்காலி சும்மா கிடந்தாலும் சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.