கால் - துருக்கிய மொழிகளின் மூலச்சொல் அதக்கா, ஹதக்கா?

சொல்தேடி: துருக்கி, கசாக் ரெண்டுலயும் காலுக்கு அயக்னு சொல்றாங்க, சைபீரியாவுல பேசற சகா மொழில அதஹ்னு அழுத்தமான த, அங்கயே பேசற ககாஸ்ல இஸட் ஒலியோட அஸஹ், ரஷ்யால வோல்கா ஆத்துப் பக்கம் பேசற சுவாஷ்ல பார்த்தா உரா. சுவாஷ்ல எருதுக்கு வக்கர், அதுவே துருக்கில ஒக்யூஸ். உரா, வக்கர் ரெண்டுலயும் வர்ற ர ஒரே மாற்றத்துல வந்ததா? மூல வடிவத்தை எப்படி எழுதறது?

வேர்ப்பித்து: ஒரே மாற்றம் கிடையாது. நடுவுல இருந்தது அதக், நாம 'அது'ன்னு சொல்றப்ப வர்ற அதே த, அதுதான் ஒரு பக்கம் ய, இன்னொரு பக்கம் இஸட் ஆச்சு, சுவாஷ்ல அந்த இஸட்டும் தாண்டி ர-ல போய் நின்னுடுச்சு. இதுக்கு சாட்சி ஹங்கேரிய மொழில இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. சுவாஷோட மூதாதை மாதிரியான ஒரு மொழிலேர்ந்து அவங்க கடன் வாங்கின எருது ஒகோர், அதுல ர வந்தாச்சு. ஆனா கோதுமை, அதாவது கால்ல வர்ற அதே த இருக்கற பழைய துருக்கியச் சொல் புக்தாய், ஹங்கேரிய மொழில பூஸா, இன்னும் இஸட்லதான் நிக்குது. சுவாஷ்ல அதே சொல் பரி. அப்போ எருதோட ர முன்னாடியே முடிஞ்சுபோன மாற்றம், கால்ல வர்ற ர அதுக்கப்புறம் வந்தது.

பழம்ஓலை: இதுக்குப் பொருத்தமா 11ஆம் நூற்றாண்டு சாட்சியே இருக்கு. மஹ்மூத் அல் காஷ்கரி 1070கள்ல எழுதின அகராதில, மத்த துருக்கியர் அதக்னு சொல்றதை சுவாஷுக்கு நெருக்கமான பல்கர், சுவார் மக்களும் கிப்சாக்ல சிலரும் அஸக்னு சொல்றாங்கன்னு குறிச்சு வச்சிருக்காரு. பூஸாவோட இஸட்டும் இதுவும் அப்படியே ஒத்துப்போகுது பாருங்க, தனித்தனியா கிடைச்ச ரெண்டு ஆதாரம்.

சொல்தேடி: அருமைங்க! அப்ப ஹ எங்கேர்ந்து வருது? ஈரான்ல பேசற கலஜ் மொழில ஹதக்னு இருக்கே, ஆனா மங்கோலியால இருக்கற 732ஆம் வருஷத்து குல் திகின் கல்வெட்டுல அதக்னுதானே இருக்கு?

வேர்ப்பித்து: அந்தக் கல்வெட்டை வச்சு ஹ இல்லைன்னு சொல்லிட முடியாது, அந்த எழுத்து முறைல ஹ-வுக்கு எழுத்தே கிடையாது. கலஜ்ல மரம் ஹகாச், துருக்கில அகாச். ஆனா உயிர்ல தொடங்கற எல்லாச் சொல்லுக்கும் அங்க ஹ ஒட்டிக்கறதில்ல, அதனால இது பழசோட மிச்சம்னு ஜெர்மன் மொழியியலாளர் டோர்ஃபர் வாதாடினாரு, பின்னாடி சேர்ந்ததுன்னு மறுக்கறவங்களும் உண்டு. நான் டோர்ஃபர் பக்கம்தான், ஹதக்னு எழுதி ஹ-வை மட்டும் அடைப்புக்குறிக்குள்ள போடுவேன்.