மாணவர் கார்ட்டின் சட்டகத்துக்கு எந்த எஃகுக் குழாய்?

கேள்வி (இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு)
பந்தயத்துக்கான கோ-கார்ட் ஒன்றைக் கல்லூரியில் பன்னிரண்டு பேர் சேர்ந்து கட்டி வருகிறோம். சட்டகத்துக்கு 25.4 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. சுவர்த் தடிமனும் உள்ள 1018 (கார்பன் குறைந்த சாதாரண எஃகு) குழாய் போதுமா, விலை கூடிய 4130 குரோமோலிதான் (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த, வலிமை கூடிய எஃகு) வேண்டுமா என்பதில் அணி இரண்டாகப் பிரிந்திருக்கிறது. குரோமோலி போட்டால் சட்டகம் விறைப்பாக நிற்கும் என்கிறார்கள் சிலர். தண்ணீர்க் குழாய் மலிவாகக் கிடைக்கிறதே, அது ஆகுமா என்றும் ஒரு பேச்சு இருக்கிறது.

மறுமொழி 1
விறைப்புக்காகக் குரோமோலி வாங்க வேண்டாம். இரண்டு எஃகுக்கும் யங் குணகம் (பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதன் அளவு) ஏறத்தாழ 205 கிகாபாஸ்கல்தான். ஒரே அளவுக் குழாய் ஒரே அளவுதான் வளையும். விறைப்பைத் தீர்மானிப்பது விட்டமும் தடிமனும். 29.2 மி.மீ. விட்டமும் 1.65 மி.மீ. தடிமனும் உள்ள குழாயைக் கணக்கிட்டுப் பாருங்கள்: உங்கள் குழாயின் விறைப்பு அப்படியே கிடைக்கும், எடையோ மீட்டருக்கு 1.66 கிலோவிலிருந்து 1.12 கிலோவாக இறங்கும். ஆனால் அந்த மெல்லிய குழாயை 1018-இலேயே எடுத்தால் வளைவு வலிமை ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்துவிடும். அந்தக் குறையை நிரப்புவதுதான் 4130-இன் வேலை. தடித்த குழாயையே 4130-இல் வாங்கினால் எடை ஒரு கிராமும் குறையாது.

மறுமொழி 2
மேலே சொன்னது சரி. ஆனால் கார்ட்டுக்கு விறைப்பே இலக்கா என்பதை முதலில் யோசியுங்கள். 25 மி.மீ., 3 மி.மீ. என்பது பாகா வண்டிகளில் (கரடுமுரடான நிலத்தில் ஓட்ட மாணவர்கள் கட்டும் பந்தய வண்டிகள்), வண்டி புரண்டால் ஓட்டுநரைக் காக்க வேண்டிய கூண்டுக்காகப் பேசப்படும் அளவு. கார்ட்டில் சஸ்பென்ஷனும் இல்லை, இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலும் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டியிருப்பதால், திருப்பத்தில் உட்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுச் சற்று எழும்பினால்தான் வண்டி திரும்பும். அதற்குச் சட்டகம் முறுக்கிக் கொடுக்க வேண்டும். பந்தயக் கார்ட்டுகளில் 30, 32 மி.மீ. குழாய்களை 2 மி.மீ. அளவு சுவரோடு பெரும்பாலும் பயன்படுத்துவதும், குறுக்குக் குழாய்களைச் சிக்கனமாக வைப்பதும் இதனால்தான். முக்கோணம் முக்கோணமாக அடைத்துவிட்டால் வண்டி திருப்பத்தில் நேராகவே போகப் பார்க்கும். எதற்கும் போட்டியின் விதிநூலில் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மறுமொழி 3 (வெல்டிங் பட்டறை)
தண்ணீர்க் குழாய் வேண்டவே வேண்டாம். அது நீர் கொண்டுபோகச் செய்தது. போதாததற்குத் துத்தநாகப் பூச்சைப் பற்றவைக்கும்போது எழும் புகை உடம்புக்குக் கேடு. வாகனக் குழாய்க்கென்றே ஐ.எஸ். 3074 என்ற தரம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். தையல் (நீளவாக்கில் பற்றவைத்த கோடு) உள்ள குழாயை வளைக்கும்போது தையல் வளைவின் வெளிப்புறத்திலோ உட்புறத்திலோ வராமல் பக்கவாட்டில் இருக்கட்டும். மெல்லிய 4130 என்றால் டிக் வெல்டிங் (டங்ஸ்டன் மின்முனையும் மந்த வாயுவும் கொண்டு பற்றவைப்பது) செய்து, தண்ணீரோ காற்றோ அடிக்காமல் தானாக ஆற விடுங்கள். அவசரமாகக் குளிர்த்தால் இணைப்பு நொறுங்கும் தன்மை பெறும். குழாய் முனைகளை இடைவெளி இல்லாமல் பொருந்துமாறு அராவிக்கொள்வதில்தான் உங்கள் நேரத்தில் பாதி போக வேண்டும்.

கேட்டவர்
மிக்க நன்றி, ஐயா. அப்படியென்றால் 1018-இலேயே 30 மி.மீ., 2 மி.மீ. அளவை எடுத்து, சட்டகத்தைத் தொடும் முன் மீதத் துண்டுகளில் ஆறு இணைப்புகளைப் பற்றவைத்து, உடையும் வரை வளைத்துப் பார்க்கிறோம்.