பேஸ் கிட்டாருக்கு நெக்கையும் நாமே செய்யணுமா?

சிங்காநல்லூர் நாலு கம்பி:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் நாலு கம்பி எலெக்ட்ரிக் பேஸ் ஒன்று செய்யப் போகிறேன். 34 இஞ்ச் ஸ்கேல் (கம்பி ஆடுகிற நீளம்), 20 ஃப்ரெட் (ஸ்வரத்துக்கான குறுக்கு உலோகப் பட்டைகள்), கம்பி ஆடுவதை மின்சாரமாக்குகிற பிக்கப்பில் இரண்டு பாதியாகப் பிரிந்த ஸ்பிளிட் காயில் வகை ஒன்று. தாத்தா வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த தேக்கு உத்திரம் பாடிக்கு இருக்கிறது. ரவுட்டர், ஜிக்சா, இழைப்புளி எல்லாம் உண்டு. நெக்கை, அதாவது ஃப்ரெட் பதிக்கிற கழுத்துக் கட்டையை மட்டும் ரெடிமேடாக வாங்கி நாலு ஸ்குருவில் மாட்டிவிடு என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அதையும் நானே செய்தால்தானே அது என் பேஸ்? என்ன சொல்கிறீர்கள்?

திருப்பூர் லோ எண்ட்:
வாங்கிவிடுங்கள். நான் மேடையில் வாசிக்கிறவன், ஆசைக்காகச் சொல்லவில்லை.

நாலு கம்பியும் சுருதிக்கு ஏறினால் நெக்கை இழுக்கிற விசை சுமார் 80 கிலோ. ஒரு ஆளைத் தூக்கி அதன் மேல் உட்கார வைத்த மாதிரி, அதுவும் வருடக் கணக்கில். நெக் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைக்கிற டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டுக்குப் பள்ளம் எடுக்க வேண்டும், நெக்கின் மேல் ஒட்டுகிற ஃப்ரெட்போர்டு பலகைக்கு வளைவு கொடுக்க வேண்டும், ஃப்ரெட் அடிக்க வேண்டும், அடித்ததையெல்லாம் ஒரே மட்டத்துக்கு அரைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி. அமெரிக்க கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் முதல் பிரிசிஷன் பேஸைக் கொண்டு வந்தபோதே நெக்கை ஸ்குருவில்தான் மாட்டினார். நெக் கெட்டுப் போனால் கழற்றி வேறு மாட்டு என்பதுதான் அந்த வடிவமைப்பு. அவரே தனி உறுப்பாக நினைத்ததை நீங்கள் ஏன் கோவில் மூலவர் ஆக்குகிறீர்கள்?

ஈரோடு செகண்ட் ஹேண்ட்:
எதற்கு இவ்வளவு பாடு? பழைய பேஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினால் செலவும் மிச்சம், நேரமும் மிச்சம்.

பீளமேடு பேட்டர்ன்:
ஈரோட்டுத் தம்பி, செய்யலாமா வேண்டாமா என்று அவர் கேட்கவில்லை. கடை வேறு பக்கம் இருக்கிறது.

திருப்பூர் தம்பிக்கு வருகிறேன். நெக்கை வாங்கிவிட்டுப் பாடியை மட்டும் செய்தால், செய்தது ஒரு பலகை. அதில் கம்பி நிற்கிறது, அவ்வளவுதான். பேஸின் குணம் நெக்கில் இருக்கிறது. பல பேஸ்களில் ஜி கம்பியில் 5-லிருந்து 7-ஆவது ஃப்ரெட்டுக்குள் எங்காவது ஒரு ஸ்வரம் மட்டும் சட்டென்று செத்துப் போகும், டெட் ஸ்பாட் என்பார்கள். அந்த அதிர்வெண்ணில் நெக் தானே ஆடி, கம்பியின் சக்தியைக் குடித்துவிடுகிறது. சந்தேகம் இருந்தால் நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் ஒரு ஜி கிளாம்பை இறுக்கிவிட்டு மறுபடி வாசியுங்கள். செத்த இடம் வேறு ஃப்ரெட்டுக்கு நகர்ந்திருக்கும். எந்த மரம், எவ்வளவு தடிமன், எத்தனை துண்டு ஒட்டு என்று முடிவு செய்கிற உரிமை நமக்கு வேண்டும் என்றால் நெக்கை நாம்தான் செய்ய வேண்டும்.

அப்புறம், அளவு பற்றிய பயம். நான் ஃபவுண்டரிக்கு மரப் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுக்கிற மர மாதிரி, செய்து பிழைத்தவன். பம்பு வார்ப்புக்குப் பேட்டர்ன் செய்யும்போது இரும்பு ஆறினால் அடிக்கு எட்டில் ஒரு இஞ்ச் சுருங்கும் என்று கணக்குப் போட்டு, அதற்கென்றே நீட்டிய ஸ்கேலில் அளப்போம். அந்த வேலையோடு பார்த்தால் ஃப்ரெட் கணக்கு எளிது. 34 இஞ்ச் என்பது 863.6 மி.மீ. அதை 17.817-ஆல் வகுத்தால் 48.47, அங்கே முதல் ஃப்ரெட். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படிப் போனால் 12-ஆவது சரியாக 431.8-இல், பாதியில் வந்து நிற்கும். கணக்கு அப்படிப் போட்டாலும், கோடு போடும்போது எல்லா ஃப்ரெட்டையும் நட்டிலிருந்தே (ஹெட்ஸ்டாக் பக்கம் கம்பி தாங்குகிற கட்டை) அளக்க வேண்டும். முந்தின ஃப்ரெட்டிலிருந்து அளந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

அரை மி.மீ. தப்பினாலும் 12-ஆவது ஃப்ரெட்டில் 2 சென்ட்தான் விலகும், 20-ஆவதில் 3 சென்ட்டுக்குச் சற்று மேல். அரை ஸ்வரத்துக்கே 100 சென்ட். யார் காதுக்கு அது கேட்கும்? பேஸ் மன்னிக்கிற வாத்தியம்.

திருப்பூர் லோ எண்ட்:
அண்ணா, கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஃப்ரெட் எங்கே இருக்கிறது என்று பேசுகிறீர்கள், நான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்கிறேன். பக்கத்து ஃப்ரெட்டை விட ஒன்று 0.1 மி.மீ. தூக்கி நின்றாலே கம்பி அதில் உரசிக் கரகரக்கும். பேஸ் கம்பி அகலமாக ஆடுகிற கம்பி. அங்கே அது மன்னிக்காது.

இன்னொன்று. தேக்கில் எண்ணெய் இருக்கிறது, பசை பிடிக்காது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வரும், பங்குனியில் காய்ந்து கிடக்கும். அந்தக் கொட்டகையில் வைத்து ஒட்டிய நெக் ஒரு வருடத்துக்குள் முறுக்கிக்கொண்டால் யார் பொறுப்பு? பாடி முறுக்கினால் பாதகமில்லை, நெக் முறுக்கினால் விறகு.

காங்கயம் வண்டிச் சக்கரம்:
ஃப்ரெட்போர்டுக்கு ஈட்டி மரம் தேடப் போவீர்கள் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். ஈட்டியைக் காக்க 1994-இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. யாரோ தோட்டத்தில் வெட்டியது என்று மலிவாக நீட்டினால் கை வைக்காதீர்கள், பில்லோடு டிப்போவில் வாங்குங்கள். இல்லையென்றால் எங்கள் பக்கத்துக் கருவேலம் எதற்கு இருக்கிறது? வண்டிச் சக்கரமும் கலப்பையும் செய்த மரம். கம்பி தேய்த்தா கரையப் போகிறது? உளிதான் அழும், அது வேறு விஷயம்.

பாடிக்குத் தேக்கு கனமாக இருந்தால் பலாவைப் பாருங்கள். தஞ்சாவூர் வீணையே பலாதான்.

சோமனூர் சால்டரிங்:
மரம் மரம் என்று அடித்துக்கொள்கிறீர்கள். பிக்கப்புக்கு மரம் தெரியாது. காந்தத்துக்கு மேலே எஃகுக் கம்பி ஆடுகிறது, காயிலில் மின்சாரம் பிறக்கிறது, முடிந்தது கதை.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தறி. மோட்டார் ஓடுகிற லைனில் ஆம்ப்ளிஃபையரைச் செருகினால் இரைச்சல்தான் முதல் பாட்டு. கரண்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டின் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது ஹம் உங்கள் ஸ்வரத்தின் மேலேயே வந்து உட்காரும், ஃபில்டர் போட்டுப் பிரிக்க முடியாது. 1957-இல் ஃபெண்டர் ஸ்பிளிட் காயிலுக்கு மாறியதில் கிடைத்த நன்மை இதுதான்: இரண்டு பாதியும் எதிரெதிராகச் சுற்றியிருப்பதால் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சிங்காநல்லூர் நண்பர் அதைத் தேர்ந்தெடுத்தது நல்லது. குழிக்குள் செம்புத் தகடு ஒட்டி எர்த் கொடுங்கள், பாடியில் கம்பியைத் தாங்குகிற ப்ரிட்ஜுக்கும் எர்த் ஒயர் மறக்க வேண்டாம்.

காயிலை நீங்களே சுற்றுவதானால் மோட்டார் ரீவைண்டிங் கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற கம்பி உதவாது. 46 கேஜ் கேளுங்கள், 0.06 மி.மீ.தான் இருக்கும். மூச்சு விட்டால் அறும்.

பீளமேடு பேட்டர்ன்:
சோமனூர், காந்தத்துக்கு மரம் தெரியாதுதான். கம்பிக்குத் தெரியுமே! கம்பி எவ்வளவு நேரம் ஆடுகிறது என்பதை நெக் முடிவு செய்கிறது, ஆடுவதைத்தான் உங்கள் பிக்கப் கேட்கிறது. பாடி மரத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் பாதி சரி.

திருப்பூர் சொன்ன பசைப் பிரச்சினை உண்மையானதுதான், ஆனால் தீர்வு இருக்கிறது. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் தேக்கை அசிட்டோனால் துடைத்து, எண்ணெய் மறுபடி கசிவதற்குள் எபாக்சியில் ஒட்ட வேண்டும். முறுக்குவது பற்றி: காற்று ஈரத்துக்குக் குறைவாக அசைகிற மரம் என்றுதானே தேக்கில் பேட்டர்ன் செய்தோம்? அந்த உத்திரம் அத்தனை வருடம் கூரையைத் தாங்கிக் காய்ந்த மரம். ஒரே கட்டையாக எடுக்காமல் மூன்று சட்டமாக அறுத்து, நடுச் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டுங்கள். ஒன்று ஒரு பக்கம் வளைய நினைத்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். ரேகை ஃப்ரெட்போர்டுக்குச் செங்குத்தாக நிற்கட்டும். டிரஸ் ராட் இரண்டு பக்கமும் வேலை செய்கிற வகையாக வாங்குங்கள்.

அறுக்கும் முன் உத்திரத்தில் பழைய ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தேடுங்கள். ரவுட்டர் பிட் கார்பைடாக இருக்கட்டும், தேக்கில் இருக்கிற மணல் சத்து சாதாரண எஃகை மழுங்கடித்துவிடும்.

சிங்காநல்லூர் நாலு கம்பி:
சரிங்க அண்ணா. எல்லோருக்கும் நன்றி. முடிவு சொல்கிறேன்: நெக்கை நானே செய்கிறேன், மூன்று சட்டம் ஒட்டி. ஆனால் திருப்பூர் அண்ணன் சொன்ன பயமும் இருக்கிறது. அதனால் நெக்கின் அடிப்பகுதியைக் கடை நெக் அளவான 63.5 மி.மீ. அகலத்துக்கே வைத்து, ஸ்குருவில் மாட்டுகிற மாதிரி செய்கிறேன். முறுக்கிக்கொண்டால் கழற்றிவிட்டு வாங்கியதை மாட்டலாம். ஃப்ரெட்போர்டு கருவேலம்.

திருப்பூர் லோ எண்ட்:
இப்போதும் என் கருத்து மாறவில்லை, கடைசியில் வாங்கத்தான் போகிறீர்கள். இருந்தாலும் செய்கிறவரைத் தடுக்க மாட்டேன். நெக் வேலை முடிந்த பிறகுதான் பாடியில் பாக்கெட் (நெக் உட்காருகிற குழி) வெட்ட வேண்டும், நெக்கை வைத்துக் கோடு போட்டு. ப்ரிட்ஜ் கடைசி. நெக்கை மாட்டி, இரண்டு ஓரக் கம்பிகள் போகிற கோட்டில் நூல் பிடித்து, நூல் இரண்டும் ஃப்ரெட்போர்டு ஓரத்திலிருந்து சம தூரத்தில் ஓடும்போது ப்ரிட்ஜுக்குத் துளை போடுங்கள். முதலிலேயே துளை போட்டுவிட்டு ஈ கம்பி ஓரத்தில் தொங்குகிற பேஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஃப்ரெட் அடித்ததும் திருப்பூர் கொண்டு வாருங்கள், மட்டம் நான் அரைத்துத் தருகிறேன். பேட்டர்ன் அண்ணா கையில் அரத்தைக் கொடுக்க வேண்டாம், அவர் அரை மி.மீ. பரவாயில்லை என்பார்.

பீளமேடு பேட்டர்ன்:
அரை மி.மீ. நீளத்தில் சொன்னேன் தம்பி, உயரத்தில் இல்லை. ஆனால் அரைக்கிறபோது நானும் வருவேன். மட்டம் பார்க்கிற ஸ்டீல் ஸ்கேல் என்னுடையது.