யாரோ கையில் கொடுத்த புத்தகம், நாம் யாருக்கோ கொடுத்த புத்தகம்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

உறையூர் வாசகி

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நந்தனம் புத்தகக் காட்சி, கடைசி ஞாயிறு, கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நாலைந்து நாவலைக் கையில் வைத்துக்கொண்டு எதை விடுவது, எதை எடுப்பது என்று நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என்னிடம் எதுவும் கேட்காமல் அடுக்கிலிருந்து பூமணியின் ‘வெக்கை’ நாவலை உருவி, முதல் பக்கத்தைப் பிரித்து என் கையில் வைத்தார். “இந்தப் பக்கத்தை மட்டும் இங்கேயே நின்னு படிங்கம்மா. புடிக்கலைன்னா வெச்சிட்டுப் போயிடுங்க.” அவ்வளவுதான் சொன்னார். ஒரு பையன் ஒருவனை வெட்டிவிட்டு இருட்டில் ஓடுகிறான், ஏன் வெட்டினான் என்பது அப்புறம்தான் வருகிறது. கூட்டம் இடிக்க இடிக்க அங்கேயே நின்று படித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் பக்கத்துக் கடையில் பத்து சதவீதக் கழிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை.

பூமணி யார், எந்த ஊர், என்ன விருது, எந்தப் படம் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. “கட்டாயம் படிக்கணும்” என்று ஆளாளுக்குச் சொன்ன எத்தனையோ நாவல் என் வீட்டில் பிரிக்காமலே கிடக்கிறது, இதை மட்டும் ரயிலில் போகும்போதே முடித்துவிட்டேன். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் என்ன செய்தார் என்று இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கதைப் புத்தகமோ, ஏதாவது கற்றுக்கொடுக்கிற புத்தகமோ, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

மலைக்கிராம செவிலி

எனக்கு நடந்தது கதைப் புத்தகத்தில் இல்லை. டேவிட் வெர்னர் எழுதிய ‘வேர் தேர் இஸ் நோ டாக்டர்’ (டாக்டர் இல்லாத இடத்தில்) என்ற மருத்துவக் கையேடு தெரியும்தானே. மெக்சிகோவின் மலைக்கிராமங்களுக்காக முதலில் ஸ்பானிஷில் எழுதியது. பயிற்சியின்போது எங்கள் மேடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்வார். உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லோருக்கும் மனப்பாடம்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும். ஆனால் அந்தப் புத்தகத்தில் இன்னொன்றும் உண்டு. சர்க்கரை போடுவதற்கு முன்னால் ருசித்துப் பார், கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது.

மலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாய், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, வீட்டில் அளவுக் கரண்டியும் கிடையாது, எழுதிக் கொடுத்தால் படிக்கவும் தெரியாது. இந்த ஒரு வரியை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த தடவை போனபோது, அந்த அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். “உப்பு போட்டதும் நாக்குல வெச்சிப் பாரு, கண்ணுத் தண்ணிக்கு மேல கரிச்சா கொட்டிடு, இன்னும் தண்ணி ஊத்து.” புத்தகம் அந்த ஊருக்கு வரவே இல்லை, அதன் ஒரு வரி மட்டும் இரண்டு வீடு தாண்டிவிட்டது. உப்பு கூடிப்போனால் குழந்தைக்கு எவ்வளவு ஆபத்து என்று எங்களுக்குத் தெரியும், அதனால்தான் அந்த வரி இவ்வளவு பெரிது. கற்றுக்கொடுக்கிற புத்தகம் என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் அந்தக் குரல்தான் காதில் விழும்.

அடுப்படி நண்பன்

செவிலியம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். உறையூர் வாசகி சொன்னதோடுதான் எனக்குச் சண்டை. முதல் பக்கத்தைக் காட்டினால் போதும் என்பது கதைக்குப் பொருந்தும், சமையல் புத்தகத்துக்குப் பொருந்தாது. அதில் முதல் பக்கத்தைப் பார்த்து வாங்குபவர்கள் எல்லாம் வழவழப்பான படத்தைப் பார்த்து வாங்குகிறார்கள், வீட்டுக்குப் போனால் “ஐந்து நிமிடம் கொதிக்க விடவும்” என்று எழுதியிருக்கும். யார் வீட்டு அடுப்பில், எந்தப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம்?

நான் பெங்களூரில் தனியாக இருந்தபோது பக்கத்து அறைப் பையன் தீபாவளிக்கு அதிரசம் சுட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஃபோனில் ஏதோ குறிப்பைப் பார்த்து, கடிகாரத்தை வைத்துப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தான். எங்கள் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் புத்தகத்தை அவனிடம் நீட்டினேன். அதில் நிமிஷக் கணக்கே இல்லை. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடு, கரைந்தால் இன்னும் ஆகவில்லை, விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும் என்று இருந்தது. அவன் விட்ட முதல் சொட்டு தண்ணீரோடு கலந்து மஞ்சளாகப் பரவியது, அடுத்தது ஓரத்தில் இழுத்துக்கொண்டே நின்றது, அதற்கடுத்தது விரலுக்குள் உருண்டது. அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். “இதுதானா பதம்!” என்றான். அம்மா பக்கத்தில் இல்லாதவனுக்குப் புத்தகம் அம்மாவாக நிற்க வேண்டும் என்றால் அது பதத்தைச் சொல்ல வேண்டும்.

இதனால்தான் ‘சமைத்துப் பார்’ இன்னும் கல்யாணச் சீரில் போகிறது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் முதல் பாகத்தைக் கொண்டுவந்தார். சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். கேட்டவர்களுக்கு எங்கே தடுமாறும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதுதான் புத்தகம் முழுக்க இருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள். பழைய பதிப்பில் ஆழாக்குக் கணக்கு. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குக் கொடுப்பதானால், எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதில் ஆரம்பித்து உங்கள் வீட்டு டம்ளரில் ஓர் ஆழாக்கு எதுவரை வரும் என்பதுவரை ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துக் கொடுங்கள். யாருக்குக் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கொடுத்தால் அது சிபாரிசே இல்லை.

கரிசல்காட்டான்

வெக்கைக்கு வருவோம். அந்தப் பெரியவர், அந்த நாவலை வைத்து எடுத்த ‘அசுரன்’ படத்தின் பெயரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னும் பத்துப் பேர் வாங்கியிருப்பார்கள். படம் வந்த 2019-இல் எங்கள் ஊரில் புத்தகமே தொடாத பையன்கள் வெக்கையைத் தேடி அலைந்தார்கள். 1982-இல் வந்த நாவலுக்கு அது நல்லதுதானே. படத்தின் பெயரைச் சொல்லிப் படிக்கவைப்பதை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம்.

உறையூர் வாசகி

இளக்காரம் எல்லாம் இல்லை அண்ணா. படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களிடம் என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்பதுதான் என் கவலை. படத்தில் அப்பாதான் நடுவில் நிற்கிறார், நாவலில் அந்தப் பையன் சிதம்பரம். வெட்டும் பழியும் வேகமாக வரும் என்று நினைத்துப் பிரிப்பவர்கள், அப்பனும் மகனும் ஒளிந்து திரிந்துகொண்டு எங்கே படுப்பது, எதை ஆக்கித் தின்பது என்று போகிற பக்கங்களில் “என்ன இழுக்குது” என்று மூடிவிடுகிறார்கள். எனக்கோ அந்தப் பக்கங்கள்தான் நாவலே. கொலை செய்துவிட்டு வந்த பிள்ளைக்கு அப்பன் சோறு போடுகிறான், வேறு எதுவும் பெரிதாகப் பேசவில்லை. அதைச் சொல்லிக் கொடுங்கள், அசுரன் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

தேவகோட்டையான்

எனக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. கல்லூரியில் ஒருவர் “தமிழின் ஆகச் சிறந்த நாவல், இதைப் படிக்காதவனெல்லாம் வாசகனா” என்று சொல்லித்தான் அறிமுகம். அந்தப் பேச்சாலேயே பல வருஷம் தொடவில்லை. அப்புறம் எங்கள் தெருப் பெட்டிக்கடைக்காரர் ஒருநாள் போகிறபோக்கில், “உங்க தாத்தா இருந்த மாதிரி வட்டிக்கடையெல்லாம் வருதுப்பா அதுல” என்றார். அன்றைக்கே நூலகத்தில் எடுத்தேன்.

தாத்தா பினாங்கில் ஒரு செட்டியார் கடையில் பையனாகச் சேர்ந்து வளர்ந்தவர். கண்ணில் புரை, படிக்க முடியாது. நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். பெட்டியடிப் பையன், அடுத்தாள் என்று வட்டிக்கடை வேலையாட்களின் பெயர்கள் வந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். அடுத்தாள் எங்கே உட்காருவான், பையன் எப்போது எழுந்திருக்க வேண்டும், முதலாளிக்கு எழுதுகிற கடிதத்தில் எதை எழுதக் கூடாது என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். அதுவரை வீட்டில் யாரிடமும் அவர் பினாங்கைப் பற்றி வாய் திறந்ததில்லை. என் அப்பா வாசலிலேயே நின்று கேட்டார். பிறகு தாத்தா, “எழுதுனவன் அங்க இருந்திருக்கான்” என்றார். உண்மைதான், ப. சிங்காரம் மேடானில் இருந்தவர், பின்னால் மதுரையில் தினத்தந்தியில் வேலை, எழுதியது இரண்டே நாவல். தாத்தாவுக்கு இது எதுவும் தெரியாது, காதால் கேட்டே கண்டுபிடித்தார். ஒரு நாவலை நம்பி அடுத்தவருக்குக் கொடுக்கலாமா என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் எனக்கு?

டெல்டாக்காரன்

எல்லோரும் நன்றாக இருந்த புத்தகத்தைப் பற்றியே சொல்கிறீர்கள். நல்ல புத்தகத்தை அரைகுறையாகச் சொல்லிக் கொடுப்பதைப் பற்றி யாராவது பேச வேண்டும். மசானபு ஃபுகுவோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’. ஜப்பானில் 1975-இல் வந்தது, இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா வழியாக இங்கே பலருக்கும் தெரியும். எங்கள் மாமா அதைப் படித்தவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, எலுமிச்சைத் தோப்பில் உழவு, கவாத்து (கிளை வெட்டுவது) எல்லாவற்றையும் நிறுத்தப் போவதாகக் கிளம்பினார். நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பக்கத்தைக் காட்டினேன். அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைச் சும்மா விட்டபோது கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, பூச்சி விழுந்து, மரங்கள் செத்துப்போனதை ஃபுகுவோகாவே எழுதியிருக்கிறார். கவாத்து செய்து பழக்கிய மரத்தைத் திடீரென்று கைவிடுவது இயற்கை விவசாயம் ஆகாது என்கிறார். மாமா அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, “இதை ஏன் யாரும் சொல்லலை?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். விவசாயப் புத்தகம் சிபாரிசு செய்கிறவர்கள் முதலில் எழுதியவரின் நிலம் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். அவர் நிலம் ஷிகோகு தீவில், நெல்லுக்கு அப்புறம் குளிர்காலத்தில் பார்லி, நிற்கிற பயிருக்குள்ளேயே அடுத்த விதையைத் தூவி வைக்கோலைப் பரப்புகிறார். நமக்கு ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்பதிலிருந்து கணக்கு, சம்பா வடகிழக்குப் பருவமழையில் நிற்க வேண்டும், தூவிய விதை தண்ணீரில் மிதந்துபோகும். அவருடைய யோசனையை எடுத்துக்கொள்ளலாம், நாள் கணக்கை எடுக்க முடியாது. இரண்டாவது, காரணம் சொல்கிற புத்தகமா என்று பாருங்கள். ஒற்றை நாற்று நடவுக்கு ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள்: 14 நாள் நாற்று, 25-க்கு 25 சென்டிமீட்டர், குத்துக்கு ஒன்று. எங்கள் ஊரில் யாரும் மதிக்கவில்லை, இவ்வளவு பிஞ்சு நாற்றை ஒற்றையாக நட்டால் என்ன ஆகும் என்ற பயம். இளம் நாற்றைப் பிடுங்கி உடனே நட்டால் வேர் அடிபடாது, இடம் இருந்தால் தூர் நிறையக் கட்டும் என்று காரணத்தோடு எழுதிய சின்னப் புத்தகம் ஒன்று கைக்கு வந்த பிறகுதான் இரண்டு பேர் வயலின் ஒரு மூலையில் போட்டுப் பார்த்தார்கள். காரணம் தெரிந்தவன்தான் தன் மண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வான். மூன்றாவது, எழுதியவர் எங்கே தோற்றார் என்று புத்தகத்தில் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அந்தப் பக்க எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். தோல்வியே எழுதாத விவசாயப் புத்தகத்தை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

தையல் டீச்சர்

டெல்டாக்காரர் சொன்ன மூன்றாவதைத் தையலிலும் பார்க்கலாம். கடையில் கிடைக்கிற தையல் புத்தகம் எல்லாவற்றிலும் ஜாக்கெட் வெட்டுகிற படம் இருக்கும், மார்புச் சுற்றளவில் நாலில் ஒரு பங்கு, தையலுக்கு இவ்வளவு என்று. அதை வைத்து வெட்டிவிடலாம். போட்டுப் பார்க்கும்போது தோள் இறங்கினால்? அதற்கு ஒரு பக்கம் உள்ள புத்தகம் எனக்கு ஒன்றே ஒன்று கிடைத்தது. தோள் நழுவினால் கழுத்து அகலத்தைப் பார், கை தூக்கும்போது ஜாக்கெட் முழுதும் மேலே ஏறினால் கைக்குழியைப் பார் என்று கோளாறிலிருந்து காரணத்துக்குப் போகிறது. என்னிடம் படித்த ஒரு பெண், வாடிக்கையாளர் திட்டிவிட்டுப் போன ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து மேஜைமேல் போட்டுவிட்டு அழுதாள். அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தேன், நான் எதுவும் சொல்லவில்லை. அவளே டேப்பை எடுத்துக் கழுத்தை அளந்தாள், ஒரு இன்ச் கூட இருந்தது.

கரிசல்காட்டான்

செவிலியம்மா, அந்த டாக்டர் இல்லாத ஊர் புத்தகம் இப்போது கிடைக்குமா? எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சருக்குக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

மலைக்கிராம செவிலி

ஆங்கிலப் பதிப்பை அதை வெளியிடுகிற ஹெஸ்பீரியன் அமைப்பே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. புதிய பதிப்பாகப் பார்த்து எடுங்கள், பழையதில் உள்ள மருந்து அளவுகளை அப்படியே நம்ப வேண்டாம். முழுசாக அச்செடுக்காமல் வயிற்றுப்போக்கு வருகிற பக்கங்களை மட்டும் முதலில் எடுத்துத் தமிழில் எழுதிக் கொடுங்கள், டீச்சர் படித்துவிட்டு மீதியைக் கேட்டால் அப்புறம் கொடுக்கலாம்.