‘லிமிட்டிங் ரீஏஜெண்ட்’: கட்டுப்படுத்துவதா, முந்தித் தீர்வதா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

வேதிவினையில் மற்றவற்றுக்கு முன்பே தீர்ந்துபோய், விளைபொருளின் அளவை வரையறுக்கும் வினைபடுபொருளைக் குறிக்கும் ‘லிமிட்டிங் ரீஏஜெண்ட்’ என்பதைக் ‘கட்டுப்படுத்தும் வினைபடுபொருள்’ என்று எழுதுவதில் எனக்கு நெடுநாளாகவே நிறைவில்லை. கட்டுப்படுத்துதல் என்றதும் வினையின் வேகம் தடைப்படுவதாக மாணவர் எண்ணிவிடுகிறார். ஆங்கிலச் சொல் குறிப்பதோ விளைபொருளின் அளவுக்குள்ள வரம்பை. இதற்கு மாற்றாக நண்பர்களிடையே பரிந்துரைக்கப்பட்ட ‘குறைபொருள்’ சுருக்கமானதுதான். ஆனால் கரைசல் கணக்குகளில் அது நேராகத் தவறான விடைக்கே இட்டுச்செல்லும்.

0.10 மோலார் (லிட்டருக்கு 0.10 மோல்; மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைக் கொண்டு பொருளை அளக்கும் அலகு) லெட் நைட்ரேட் கரைசல் 50 மி.லி.யுடன் அதே செறிவுள்ள பொட்டாசியம் அயோடைடு கரைசல் 80 மி.லி. கலக்கப்படுவதாகக் கொள்வோம். முன்னதில் 0.0050 மோலும் பின்னதில் 0.0080 மோலும் உள்ளன. பருமனிலும் மோலிலும் அயோடைடே மிகுதி என்பதால், குறைபொருள் எது என்று கேட்டால் மாணவர் தயங்காமல் லெட் நைட்ரேட்டைத்தான் காட்டுவார். ஆனால் ஒரு மோல் லெட் நைட்ரேட்டுக்கு இரண்டு மோல் பொட்டாசியம் அயோடைடு வேண்டும், 0.0050 மோலுக்கு 0.0100 மோல் தேவைப்பட, இருப்பதோ 0.0080 மோல்தான். ஆகவே முந்தித் தீர்வது அயோடைடு. மஞ்சள் வீழ்படிவாக இறங்கும் லெட் அயோடைடும் 0.0040 மோலை, அதாவது ஏறத்தாழ 1.84 கிராமைத் தாண்டாது. வீழ்படிவை வடிகட்டியபின் கிடைக்கும் வடிநீரில் 5 மி.லி. எடுத்து அதில் 1 மி.லி. அயோடைடு கரைசலை விட்டுப் பாருங்கள்: மீண்டும் மஞ்சளாகக் கலங்கும். வடிநீர் முழுவதிலும் எஞ்சி நின்ற 0.0010 மோல் லெட் அயனிகளில் ஒரு பகுதியின் வேலை அது.

எனவே முந்தித் தீர்வதை ‘முன்தீர்பொருள்’ என்றும், அதன் இணையாக, மிஞ்சி நிற்பதை ‘எஞ்சுபொருள்’ என்றும் வைக்கலாம் என்பது என் கருத்து. ‘தீர்பொருள்’, ‘எஞ்சுபொருள்’ இரண்டும் வினைத்தொகையாக இயல்பாகவே அமைகின்றன. இலக்கணப்படி புணர்த்தினால் ‘முன்றீர்பொருள்’ என்றாகும். அப்படி எழுதினால் யாருக்கும் புரியாது, ஆதலால் புணர்க்காமலேயே விடலாம். ‘தீர்’ என்பது கணக்கின் தீர்வோடு குழம்பும் என்ற மறுப்பை நான் பெரிதாகக் கருதவில்லை. பேனாவில் மை தீர்ந்தது என்பதை எவரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை.

இரு திசையிலும் நடந்து இடையிலேயே நிலைகொள்ளும் சமநிலை வினைகளில் எந்த வினைபடுபொருளும் முற்றாகத் தீர்வதில்லை என்ற மறுப்புதான் வலுவானது. அதற்காகச் சொல்லை மாற்ற வேண்டியதில்லை. ‘வினை முற்றுப்பெறுமாயின் முதலில் தீரக்கூடியது’ என்று வரையறையில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும்.