நன்றிக்கடனா, நேர்மையா? உங்கள் கருத்து வேண்டும்

வணக்கம். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி முழுக்கக் கூடவே உட்கார்ந்திருந்தவர், இப்போது பயணச் செலவு ரசீதுகளில் தொகையைத் திருத்துகிறார். ஒன்றில் 1 என்பது 7 ஆகியிருக்கிறது. மையின் நிறமே வேறு. கேட்டால், "நீ நம்ம ஆளுதானே, கண்டுக்காதே" என்கிறார். அடுத்த வாரம் தணிக்கை. சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட வேண்டியது நான்.

செஞ்சோற்றுக் கடன் என்று மனசு அவர் பக்கமே இழுக்கிறது. ஆனால் கும்பகர்ணன்கூட, அண்ணன் முகத்துக்கு நேரே தப்பைச் சொல்லிவிட்டுத்தான் போருக்குப் போனான். விபீஷணனும் சொல்லிப் பார்த்த பிறகே விலகினான். இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. யாருக்கு, எதற்காக என்று கேட்காத விசுவாசத்தை என்னால் மற்ற குணங்களுக்கு மேலே வைக்க முடியவில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன், அதில் குழப்பமில்லை. அவரிடம் தனியாகப் பேசி, பணத்தைத் திருப்பிக் கட்ட ஒரு வாய்ப்புக் கொடுப்பதா, நேராக மேலதிகாரியிடம் போவதா? வாய்ப்புக் கொடுத்தால் நானும் உடந்தை ஆகிவிடுவேனா? இப்படி ஒரு நிலைமையைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம் அந்த உறவு என்ன ஆனது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.