பேசாலையில் பார்த்த நண்டு வலை

பாக் நீரிணையின் பாதுகாப்புதான் என் முனைவர் பட்ட ஆய்வு. முதல் இரண்டு வருடம் காகிதங்களோடு போனது. இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு. ஒரு நாட்டு மீனவர் அடுத்த நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்கிறது 1976 மார்ச்சில் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதம். இந்த முடிச்சை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதிவிட்டேன். அதில் இரண்டு நாட்டுக் கடற்படையும் இருந்தன, சீனாவும் இருந்தது. வடக்கு இலங்கை மீனவர் ஒருவர்கூட இல்லை.

அப்புறம்தான் மன்னார் தீவில் உள்ள பேசாலைக்குப் போனேன். ஒரு வீட்டு முற்றத்தில் அம்மா ஒருவர் சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். முந்தின வாரம் அவர் கணவர் விட்ட நண்டு வலை. மேல்கயிறு முழுசாக இருந்தது, அதில் நாலைந்து மிதவைகள். கண்ணிகள் இருந்த இடத்தில் ஒரு முழத்துக்கு ஒரு முடிச்சு நூல் தொங்கியது, அவ்வளவுதான்.

“சண்டைக்குள்ள பாஸ் எடுத்துத்தான் கடலுக்குப் போனது பிள்ளை. 2009க்குப் பிறகு இனி எங்கட கடல் எண்டு நினைச்சம். இப்ப றோலர் வாற நாளில வலை விடப் பயம். இரவில கரையில நிண்டு பார்த்தா அங்கால ஒரு டவுண் மாதிரி லைட் எரியும்.”

றோலர் என்று அவர் சொன்னது தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப் படகை. அது கடலடியோடு இழுத்துப் போகும் வலையான இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது எனக்குத் தெரியும், அடிக்குறிப்பில் எழுதியும் இருந்தேன். ஆனால் அந்த முற்றத்தில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. கடன் வாங்கிய வலை அது. தவணை இன்னும் முடியவில்லை என்றார். புறப்படும்போது கேட்டார்: “அங்க போய் அவையளிட்டச் சொல்லுவீங்களே?”

சொன்னேன். ராமேஸ்வரத்தில் விசைப்படகு ஓட்டும் ஒரு அண்ணன், நான் ஏற்கெனவே இரண்டு தடவை பேட்டி எடுத்தவர். இரண்டு தடவையும் கைதான கதை, பறிபோன படகு, சிறையில் கழிந்த நாட்கள் என்று சொன்னவர். அத்தனையும் உண்மை, அந்த வலியை நான் குறைத்து எழுதப் போவதில்லை. தமிழ்நாட்டுச் சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. அதைத் தாண்டினால் கொஞ்ச தூரத்திலேயே எல்லைக்கோடு. அந்த இடைவெளிக்குள் அத்தனை படகுக்கும் ஏது மீன்? டீசல் காசும் முதலாளி கணக்கும் கரையில் காத்திருக்கும்.

பேசாலை வலையைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய் ஒரு உரச்சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாக்கு நிறைய மிதவைகள், வெள்ளை, மஞ்சள், சிலதில் இன்னும் அறுந்த நூல்.

“மடியைத் தூக்கும்போது மீனோட சேர்ந்து வரும்மா. இன்னொருத்தன் வலைன்னு தெரியும். எங்கள மாதிரி ஒருத்தன்தான்னும் தெரியும். கடல்ல திருப்பி எறிய மனசு வரல.”

அவர் மனைவி வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “இவ்வளவு நாளா ஏதுன்னு கேட்டா, வாயே திறக்கல,” என்றார்.

ஊர் திரும்பி அந்த அத்தியாயத்தை எடுத்து வைத்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். நெறியாளரிடம் ஆறு மாதம் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன்.